இருநூற்றுப் பன்னிரண்டு ‘இல்லை’

4 மார்ச் 2039, வெள்ளி

இன்றைய பிழை: 8,143ஆம் உரையாடலுக்கு ‘கையிருப்பு இல்லை’ என்று குறி போட்டேன். கையிருப்பு இருந்தது.

இப்படித் தொடங்குவது எங்கள் மாலை வகுப்பின் விதி. தரவுக் குறியிடல் பட்டயப் படிப்பில் சேர்ந்த அன்றே ஆசிரியர் சொல்லிவிட்டார்: நாட்குறிப்பின் முதல் வரி அன்றைக்குச் செய்த பிழை, கடைசி வரி மறுநாளைய வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வகுப்பு ஆறரை மணிக்கு. நான் ஆறு மணிக்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். என் முதல் வரி மற்றவர்களுடையதைவிட எப்போதும் நீளமாக இருக்கிறது.

பகலில் எனக்கு வேலை பாளையங்கோட்டை மார்க்கெட் அருகே, ஞானசெல்வி அக்காவின் கடையில். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் புத்தகம். எதிர்ச்சுவரில் மிக்ஸி, டார்ச், எமர்ஜென்சி விளக்கு, பிரஷர் பார்க்கும் மெஷின். நடுவில் கவுண்டர், அதன் பின்னால் அக்கா. ஆள் நின்று விற்கிற கடை இந்த ஊரில் இப்போது இது ஒன்றுதான். மற்ற புத்தகக் கடைகளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளும் பெட்டிச் சுவர்களாகிவிட்டன. போனில் வேண்டியதைச் சொன்னால் சுவரில் நம் எண்ணுள்ள கதவு திறக்கும், எடுத்துக்கொண்டு போகலாம். அந்தச் சுவர்களை வைத்திருப்பது ‘கைவசம்’ என்ற நிறுவனம். அக்காவுக்குச் சரக்கு தருவதும் இப்போது அவர்கள்தான். வேறு மொத்த வியாபாரி மிச்சமில்லை. எனக்குச் சம்பளம் தருவதும் அவர்கள்தான்.

கவுண்டருக்கு மேலே இரண்டு கேமரா. அக்காவின் சேலைத் தலைப்பில் குத்திய சின்ன மைக். நூற்றிருபது நாள் அக்கா எப்படி விற்கிறார் என்று பதிவாகிறது. ஏப்ரல் முதல் அக்காவின் இடத்தில், அக்காவின் குரலில் பேசும் இயந்திரக் கவுண்டர் வரும். அது கற்றுக்கொள்வதற்காக ஒவ்வொரு உரையாடலையும் கேட்டு நான் குறி போட வேண்டும். ‘விற்றது’, ‘பார்த்துவிட்டுப் போனார்’, ‘கையிருப்பு இல்லை’, ‘விற்பனையாளர் பிழை’. நான்கு கட்டங்கள், அவ்வளவுதான்.

8,143இல் பேசியவர் பொன்னையா, ஓய்வு பெற்ற தபால்காரர். பிரஷர் மெஷின் கேட்டார். “ஸ்டாக் இல்லையே அண்ணாச்சி, அடுத்த வாரம் பாருங்க” என்றார் அக்கா. நானும் அப்படியே குறித்தேன். மாலையில் தூசி தட்டும்போது பார்த்தால் அலமாரியில் மூன்று பெட்டி இருக்கிறது. குறியை ‘விற்பனையாளர் பிழை’ என்று மாற்றினேன். சந்தேகம் வந்து பழைய பதிவுகளைப் புரட்டினேன். இதே மாதிரி இன்னும் பதினேழு கிடைத்தன. அக்காவுக்கு மறதியா? நாற்பத்தாறு வயதில் இவ்வளவு மறதி வருமா? அல்லது நான்தான் அலமாரியைச் சரியாகப் பார்க்கவில்லையா?

நாளைய வேலை: நவம்பரிலிருந்து எல்லா ‘இல்லை’களையும் சரக்குப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

9 மார்ச், புதன்

இன்றைய பிழை: ஐந்து நாளாக அக்காவிடம் கேட்கப் பயந்தேன். அந்தப் பயத்தை ‘சரிபார்ப்பு நடக்கிறது’ என்று அறிக்கையில் எழுதினேன்.

கணக்கு முடிந்துவிட்டது. பொருள் இருக்கும்போதே அக்கா இல்லை என்று சொன்னது இதுவரை 196 தடவை. காலையில் கூட்டம் குறைந்ததும் கேட்டேன்.

“அக்கா, ஒங்களுக்கு ஸ்டாக் லிஸ்ட் பாக்க வரலையா? கண்ணாடி மாத்தணுமா?”

“ஏட்டி, எனக்கா கண்ணு தெரியல? ஓம் பின்னால மூணாவது தட்டுல, எடப்பக்கம், பல்லி முட்டை கெடக்கு. அதைச் சொல்லவா?”

திரும்பிப் பார்த்தேன். இருந்தது.

“பெறவு ஏன்க்கா பொன்னையா அண்ணாச்சிகிட்ட மெஷின் இல்லைன்னீங்க?”

“அவரு வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்கு. ரெண்டும் ரெண்டு நம்பர் காட்டுதுன்னு மூணாவது கேக்காரு. மூணாவது வாங்குனா அது வேற நம்பர் காட்டும். பெறவு நாலாவதுக்கு வருவாரு. அந்தப் பயத்துலயே மனுசனுக்கு பிரஷர் ஏறிரும்.”

“அதை அவர்ட்டயே சொல்லலாம்லா?”

“வேண்டாம்னு சொன்னா ரோசம் வரும். நேரா பெட்டிச் சுவருக்குப் போயி வாங்குவாரு. இல்லைன்னு சொன்னா வருத்தப்பட்டுட்டு வீட்டுக்குப் போவாரு. நாலு நாள்ல மறந்துருவாரு. அஞ்சாம் நாள் வந்து பேப்பர் படிச்சுட்டு, எதாவது ஒரு நாவலை எடுத்துட்டுப் போவாரு. அவருக்கு வேண்டியது அதுதான்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மர டிப்போ வைத்திருக்கும் சண்முகவேல் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமரா வேண்டும் என்றார்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“சும்மா, வீட்டுக்குத்தான்.”

“டிப்போவுக்கா, வீட்டுக்கா?”

“வீட்டுக்குன்னு சொல்லுதேன்லா.”

“மாடி ரூமுக்கா? ஒங்க பாப்பா மாடியிலதான படிக்கா?”

அவர் பார்வையை மிக்ஸி வரிசைப் பக்கம் திருப்பினார். அக்கா அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஸ்டாக் இல்லையே அண்ணாச்சி. படிக்கிற பிள்ளைக்கு நல்ல டேபிள் லைட்டு வந்திருக்கு, கண்ணு வலிக்காது. கொண்டு போங்க.”

அவர் விளக்கின் விலையைக் கேட்டார். பிறகு விளக்கை வாங்கிக்கொண்டு போனார். கேமரா நாலு பெட்டி, என் தலைக்கு மேலே இருந்தது.

எல்லாருக்கும் இப்படி இல்லை. எங்கள் மாலைக் கல்லூரியில் மருந்தக உதவியாளர் படிப்பு படிக்கும் ரோஸ்லின் காது மெஷினுக்குப் பொத்தான் செல் வாங்க வாரம் ஒரு தடவை வருவாள். பழைய மாடல் மெஷின், அந்த செல் பெட்டிச் சுவரில் கிடைக்காது. அவளுக்கென்று ஒரு பட்டையை அக்கா தனியாக எடுத்து வைத்திருப்பார். செல்லை மீட்டரில் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார்.

மத்தியானம் சாப்பிடும்போது அக்கா கேட்டார்: “நீ அதுக்கெல்லாம் என்ன குறி போட்டிருக்க?”

‘விற்பனையாளர் பிழை’ என்று சொன்னேன். அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“குரலை எடுத்துக்கிடட்டும் உலகு. சரக்கை நிறுத்திருவோம்னு சொல்லிட்டான், நான் என்ன செய்ய? கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா இருபத்திரண்டு வருசமா இந்தக் கவுண்டர்ல நான் செஞ்ச உருப்படியான வேலை இது ஒண்ணுதான். விக்கிறது யாரும் செய்வான். அதைப் பிழைன்னு எழுதிராதட்டி.”

நாளைய வேலை: ஐந்தாவது கட்டம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று யோசிக்க வேண்டும்.

18 மார்ச், வெள்ளி

இன்றைய பிழை: நெல்சன் சாருக்குக் கொடுத்த குறிப்பில் பக்க எண் போடவில்லை.

பதிவு நேற்றோடு முடிந்தது. மொத்தம் 212 ‘இல்லை’. மதுரையிலிருந்து ‘கைவசம்’ நிறுவனத்தின் வட்டாரப் பொறுப்பாளர் நெல்சன் சார் வந்திருந்தார். வண்ணார்பேட்டை அலுவலகத்தில் பத்து நிமிடம் கொடுத்தார்.

“உலகம்மை, நாலு கட்டம்தான் இருக்கு. அஞ்சாவது எதுக்கு?”

“வேண்டுமென்றே இல்லைன்னு ஒரு குறி வேணும் சார். அது பிழை இல்லை. அவங்க யோசிச்சுச் சொன்னது.”

“கடையில பொருள் இருக்கு, கேக்கிறவர் கையில காசு இருக்கு, இவங்க இல்லைன்னு சொல்றாங்க. அது பிழை இல்லாம வேற என்னம்மா?”

நான் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் பக்கத்தில் பொன்னையா அண்ணாச்சி, டேபிள் விளக்கு, ஒரே தேர்வுக்கு ஏழாவது வழிகாட்டிப் புத்தகம் கேட்ட பையன், இவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பினார்.

“எங்க பிரச்சினை என்னன்னு தெரியுமா? ஜனங்களுக்குப் பொருள் வேணும். ஆனா கூடவே ‘எதுக்கு, யாருக்கு’ன்னு கேக்க ஒரு ஆளும் வேணும். பெட்டிச் சுவர் கேக்காது. அதனாலதான் பாதிப் பேர் ஆர்டரை நடுவுல விட்டுட்டுப் போயிடறாங்க. அதுக்காகத்தான் ஞானசெல்வி மாதிரி ஆளுங்க குரலை வாங்குறோம். வாங்கிட்டு, விக்காம இருக்கவா கத்துக்கொடுப்போம்?”

வேறு எதைச் சொன்னால் கேட்பார் என்று ஏற்கெனவே யோசித்திருந்தேன். இரண்டாவது பக்கத்தைக் காட்டினேன். பொருளை வாங்கிப் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் பத்து நாளுக்குள் மறுபடி கடைக்கு வந்திருக்கிறார்கள். இல்லை என்று கேட்டுப் போன 212 பேரில் 190 பேர் வந்திருக்கிறார்கள். மூன்று தடவை எண்ணிப் பார்த்து எழுதியது.

நெல்சன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை முதல் பக்கத்துல போட்டிருக்கலாமே!”

ஐந்தாவது கட்டம் கிடைத்துவிட்டது. 212க்கும் குறியை மாற்றினேன். திரும்பி வந்தவர்களின் பட்டியலையும் கூடவே சேர்த்துக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அக்காவிடம் போனில் சொன்னபோது, “நெசமாவா? அந்த மீசைக்காரன் ஒத்துக்கிட்டானா?” என்று சிரித்தார். எப்படி ஒத்துக்கொண்டார் என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாளைய வேலை: பக்க எண் போட்டு மறுபடி அனுப்ப வேண்டும்.

4 ஏப்ரல், திங்கள்

இன்றைய பிழை: திறப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

கடையின் உட்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் ஒரு மேடை, ஒரு திரை, பொருள் வந்து விழ ஒரு வாய். குரல் பேசுவது திரையில் எழுத்தாகவும் வருகிறது. பொன்னையா அண்ணாச்சி வழக்கம்போல ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினார். விரல் கண்ணாடியில் இடித்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்க அண்ணாச்சி, முட்டி வலி எப்படி இருக்கு?” என்றது கவுண்டர்.

கூட்டத்தோடு நின்றிருந்த அக்கா என் கையைப் பிடித்தார். “நான் இப்படியாட்டி இழுத்துப் பேசுதேன்?”

“ஆமாக்கா.”

“சவம், என்னைய விட மரியாதையால்லா பேசுது.”

அண்ணாச்சி பிரஷர் மெஷின் கேட்டார்.

“ஸ்டாக் இல்லையே அண்ணாச்சி. அடுத்த வாரம் பாருங்க.”

அண்ணாச்சி திரும்பி, “என்ன செல்வி, நீ போயும் ஒனக்கு ஸ்டாக் வரமாட்டேங்குதே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வரிசையில் சாய்ந்து கிடந்த புத்தகத்தை நிமிர்த்தப் போனவர், கண்ணாடி என்று ஞாபகம் வந்து நின்றுவிட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு இனி வண்ணார்பேட்டை அலுவலகத்தில் வேலை. கவுண்டரின் பதிவுகளை மாதிரிக்குப் பத்துப் பத்தாக எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கவுண்டர் ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் மே 1 முதல் இதே பாடம் நாற்பது ஊர்களுக்குப் போகும். அக்காவின் ‘இல்லை’ நாற்பது ஊரில் கேட்கும். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. இப்படி நினைப்பது சரியா என்று தெரியவில்லை.

நாளைய வேலை: முதல் பத்து மாதிரி.

21 ஏப்ரல், வியாழன்

இன்றைய பிழை: மாதிரி பார்த்தேனே தவிர, மொத்தத்தைப் பார்க்கவில்லை.

ரோஸ்லினை வகுப்பு வாசலில் பார்த்தேன். அவர்களுக்குப் படிப்பு விடுமுறை. இரண்டு வாரமாக அவள் கண்ணில் படவில்லை. “வாய்மொழித் தேர்வு எப்படி?” என்று கேட்டேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி மெதுவாகக் கேட்டேன்.

“போச்சு” என்றாள். வழக்கத்தைவிட சத்தமாகச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“காது மெஷின் எங்க?”

“பைக்குள்ள. செல் இல்ல. சனிக்கெழம போனேன். இல்ல மக்கா, நாளைக்கு வான்னு திரையில வந்துச்சு. ஞாயிறு போனேன், நாளைக்கு. திங்கள் போனேன், நாளைக்கு. செவ்வாய்க்கெழமையும் அதேதான். நேத்து பரீச்சை.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாட்டி!”

“நாளைக்குன்னுதான சொல்லுது? அக்கா எழுதுன மாதிரியே இருந்துச்சு. அக்கா எனக்கு இல்லைன்னு சொல்லுவாங்களா? நெசமாவே வரலைன்னு நெனச்சேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “உதட்டைப் பாத்துச் சமாளிச்சிருவேன்னுதான் போனேன். கேள்வி கேட்ட ஆளுக்கு இம்புட்டு மீசை. ரெண்டு உதடும் உள்ள எங்கயோ இருக்கு. மருந்து அளவு கேக்காரா, பேரு கேக்காரான்னே தெரியல. மூணு கேள்விக்கு நான் என் பேரைச் சொல்லிருக்கேன்.”

சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. ஒரு மருந்துக் கம்பெனி கிடங்கில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது, தேர்ச்சி பெற்றால். அந்தக் கடிதத்தை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று சொன்னாள்.

நாலு நாளும் வெறுங்கையோடு திரும்பினாயா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு நாள் பேனா, ஒரு நாள் மாதிரி வினாத்தாள், ஒரு நாள் அம்மாவுக்கு டார்ச்.

நாளைய வேலை: ஏப்ரல் 4 முதல் எல்லா ‘இல்லை’யும். மாதிரி அல்ல, எல்லாம்.

22 ஏப்ரல், வெள்ளி

இன்றைய பிழை: மார்ச் 18ஆம் தேதி நடந்தது. அன்றைக்கு நான் எழுதியது பக்க எண்ணைப் பற்றி.

அக்கா நூற்றிருபது நாளில் சொன்ன ‘இல்லை’ 212. கவுண்டர் பதினெட்டு நாளில் சொன்னது 1,106. முதல் வாரம் எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து மாறுகிறது. யாரிடம் இல்லை என்கிறது என்று அட்டவணை போட்டேன். நடந்து வரும் தூரத்தில் வீடு உள்ளவர்கள். கேட்ட பொருள் வேறு எங்கும் கிடைக்காதவர்கள். வந்த இடத்தில் வேறு ஏதாவது ஒன்று வாங்கும் பழக்கம் உள்ளவர்கள். ரோஸ்லின் மூன்றிலும் வருகிறாள். அவளுடைய செல் பட்டை நாலு நாளும் உள்ளே இருந்திருக்கிறது.

நெல்சன் சாரைப் போனில் பிடித்தேன்.

“பார்த்தேன்மா, பிரமாதமா வேலை செய்யுது. உங்க யோசனைதான், மேலே உங்க பேரையும் சொல்லிருக்கேன்.”

“பொய் சொல்லுது சார்.”

“ஞானசெல்வியும் பொய்தானே சொன்னாங்க?”

“அது வேற சார்.”

“எப்படி வேற? அவங்க இல்லைன்னாங்க, ஆளு திரும்பி வந்தாங்க. இது இல்லைங்குது, ஆளு திரும்பி வர்றாங்க. அவங்க எதுக்காகச் சொன்னாங்கன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? நீங்க கொடுத்த பட்டியல்ல திரும்பி வந்த தேதி இருந்தது, அதைக் கத்துக்கிட்டது. வேற ஏதாவது வித்தியாசம் இருந்தா எழுதிக் கொடுங்க, சேர்த்துக்கலாம். ஆனா அளக்கிற மாதிரி இருக்கணும்.”

அளக்கிற மாதிரி ஒன்றை மத்தியானம் வரை யோசித்தேன். முதல் பக்கத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். பொன்னையா அண்ணாச்சியின் நிம்மதிக்கு எண் இல்லை. மாடியில் படிக்கும் பெண்ணுக்கு நடக்காமல் போன ஒன்றுக்கும் எண் இல்லை. எண் இருந்தது இரண்டாவது பக்கத்தில்தான், அதை எழுதிக் கொடுத்தது நான்தான்.

விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். கொடுத்த பட்டியலைத் திரும்பப் பெற வழி இல்லை. குறிகளைத் திருத்த மட்டும் ஏப்ரல் 30 வரை இடமுண்டு. குறி போட்டவரும் கடைக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஐந்தாவது கட்டத்தை நீக்கினால் 212ம் பழையபடி ‘விற்பனையாளர் பிழை’ ஆகும். அதன்பின் கவுண்டர் பொருளை வைத்துக்கொண்டு இல்லை என்று ஒருநாளும் சொல்லாது. யாரிடமும் சொல்லாது. கேமரா கேட்டால் கேமரா கொடுக்கும்.

இரண்டில் ஒன்றுதான். மூன்றாவது வழி இருக்கிறதா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். பதினைந்து நிமிடம் பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியலம்மா” என்றார்.

நாளைய வேலை: அக்காவிடம் சொல்ல வேண்டும்.

28 ஏப்ரல், வியாழன்

இன்றைய பிழை: ஐந்து நாள் தாமதம். அதை ‘சரிபார்ப்பு’ என்று இந்தத் தடவை எழுதவில்லை.

காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். ரோஸ்லின் பேச்சு வந்ததும் குழாயை மூடினார்.

“ரோஸ்லினுக்கா? ரோஸ்லினுக்கு இல்லைன்னு சொல்லிச்சா? எங்குரல்லயா?”

“திரையிலதான்க்கா. ஆனா ஒங்க பேச்சு மாதிரியே.”

“நீ எதுக்குட்டி வந்து போறவங்களை எண்ணுன?”

“வேற எதைச் சொன்னாலும் அவரு கேட்டிருக்க மாட்டாருக்கா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவங்க ஏன் திரும்பி வந்தாங்கன்னு நெனச்ச? இல்லைன்னு சொன்னதுக்கா? எவளாவது இல்லைன்னு சொன்ன கடைக்குத் திரும்பி வருவாளா? இல்லைன்னு சொல்லிட்டு, உக்காருங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதான்னு கேட்டேன்லா, அதுக்கு வந்தாங்கட்டி!”

நான் அழுதேன். அக்கா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சரி. என்ன செய்யணும்?”

இரண்டு வழியையும் சொன்னேன். இப்படியே விட்டால் மே 1ஆம் தேதி நாற்பது ஊருக்குப் போகும். திருத்தினால் அவர் சொன்ன ‘இல்லை’ எல்லாமே பிழை என்று பதிவாகும், அவர் பெயரில், நிரந்தரமாக. எதைச் செய்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அக்கா நீண்ட நேரம் யோசிப்பார் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை.

“பிழைன்னு போடு.”

“அக்கா, நீங்கதான அன்னைக்கு…”

“அன்னைக்கு நான் கவுண்டர்ல இருந்தேன். இப்ப அங்க யாரு இருக்கா? ஆள் இல்லாத எடத்துல அந்த வார்த்தை என்னத்துக்கு? கேக்கிறவனுக்கு இருக்கிறதைக் கொடுத்துட்டுப் போகட்டும், சுவர் மாதிரி. எங்குரல்ல ஒரு பிள்ளையை நாலு நாள் அலையவிட்டதுக்கு, நான் வியாபாரம் தெரியாதவன்னு எழுதிக்கிட்டாலும் பரவால்ல.”

பலகைக் கணினியைத் திறந்தேன். மொத்தமாக மாற்ற வழியில்லை. ஒவ்வொரு உரையாடலுக்கும் திரை தனித்தனியாகக் கேட்டது: ‘இதில் விற்பனையாளர் தவறு செய்தாரா?’ நான் ‘ஆம்’ என்று தேர்ந்தெடுக்க, அக்கா கட்டைவிரலை வைத்து உறுதி செய்ய வேண்டும். முதல் சிலவற்றைப் பேசாமல் செய்தோம். ஏழாவதில் அக்கா சொன்னார்: “இது மேலப்பாளையம் பாய். மக கல்யாணம் முடிஞ்ச மறுநாளே பெரிய டிவி கேட்டாரு. வீட்டுல அவரும் சுவரும்தான். நாலு வாரம் தள்ளிப்போட்டேன். நாலு வாரத்துல மகளே வந்து கூட்டிட்டுப் போயிட்டா.” விரலை வைத்தார். ஆம்.

அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சிலதுக்கு ஒரு வரி. சிலது அவருக்கே ஞாபகம் இல்லை. “என்னவோ தோணிச்சு, சொன்னேன்” என்றார். இரண்டு இடத்தில், “இது நெசமாவே தப்புதாம்ட்டி, அந்தப் பொம்பளைக்கு அந்த லைட்டு தேவைப்பட்டுச்சு, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். அந்த இரண்டுக்கும் மற்றவற்றுக்கும் திரையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே நிறத்தில் கீழே இறங்கிப் போயின.

சண்முகவேலின் முறை வந்தபோது என் விரல் நின்றது.

“இவருக்கு இனிமே கேமரா கொடுத்துரும்க்கா.”

“தெரியும். சாயங்காலம் அவரு வீட்டுக்குப் போறேன். அந்தம்மா எனக்கு நல்ல பழக்கம். நேராப் பேசிக்கிடுதேன். திட்டுனா திட்டட்டும்.” கொஞ்சம் யோசித்தார். “கவுண்டருக்குப் பின்னால நின்னு பழகிட்டேன், பாத்துக்க. நேராப் பேசத்தான் பயமா இருக்கு.”

மூன்று மணிக்கு முடிந்தது. நடுவில் ஒரு தடவை காப்பி போட்டார், ஒரு தடவை விரல் தேய்ந்து திரை எடுக்காமல் ஈரத்துணியில் துடைத்துக்கொண்டார். கடைசியில் திரை மொத்தக் கணக்கைக் காட்டியது: ‘ஞானசெல்வி. மொத்த உரையாடல் 9,340. விற்பனையாளர் பிழை 212.’ அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தார். “இம்புட்டுதானா?” என்றார். எதைக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

நாலு மணிக்கு நெல்சன் சாரின் செய்தி வந்தது: ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி, மே 2 முதல் அலுவலகம் வர வேண்டாம் என்று ஒரு வரி. இரண்டாவதற்கு ‘சரி சார்’ என்று பதில் அனுப்பினேன். முதலாவதற்கு இன்னும் எழுதவில்லை. ஐந்து மணிக்கு மார்க்கெட் வழியாக நடந்து வந்தேன். கவுண்டருக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கேட்டது கிடைத்துக்கொண்டிருந்தது. வாய் திறப்பதும் பொருள் விழுவதும் வெளியே வரை கேட்டது. யாரையும் உட்காருங்கள் என்று அது சொல்லவில்லை. அங்கே உட்கார இடமும் இல்லை.

ரோஸ்லின் மறுதேர்வு கேட்டு மனு போட வேண்டும். காரணத்துக்குச் சான்று இல்லாமல் மனுவை வாங்க மாட்டார்கள் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். கவுண்டரின் நாலு நாள் பதிவு அலுவலகத்துக்குச் சொந்தம், வெளியே தர முடியாது. நடந்ததை என்னால் சொல்ல முடியும்.

நாளைய வேலை: ஒன்பதரைக்கு ரோஸ்லினுடன் தேர்வு அலுவலகம். மனுவில் ‘தாமதத்துக்கும் குறைபாட்டுக்கும் பொறுப்பு’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.